சீன வகுப்பைப் பற்றி நான் எழுதிய அரைப்பக்கம்

பல்கலைக்கழகத்தில் என் வேலை கற்பிப்பதல்ல. மொழித்துறை அலுவலகத்தில் வகுப்பறைகளை ஒதுக்குவேன், பரீட்சைப் பட்டியல் தயாரிப்பேன், தொலைந்த சாவிகளுக்குப் பதில் சாவி எடுத்துக் கொடுப்பேன். பருவ முடிவில் மாணவர்கள் நிரப்பித் தரும் கருத்துப் படிவங்களை வாசித்து, அவற்றின் சாரத்தை அரைப்பக்கத்தில் எழுதித் துறைத் தலைவரின் மேசையில் வைப்பேன். அந்த அரைப்பக்கங்களை யாரும் பெரிதாக வாசிப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்கு வந்தவள். முதல் சில வருடங்கள் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, ஸ்டோவ்னரில் எட்டாம் மாடியில் ஒரு வீடு எடுத்தோம். கணவர் பஸ் ஓட்டினார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு நான் அலுவலக வேலைக்குப் படித்தேன். பிரசவ விடுப்பில் போன ஒருத்தியின் இடத்துக்குத் தற்காலிகமாக என்னைப் பல்கலைக்கழகத்தில் எடுத்தார்கள். அவள் திரும்பி வரவில்லை. ஆறு மாதம், இன்னும் ஆறு மாதம் என்று என் வேலை நீண்டுகொண்டே போனது. நிரந்தரமாக்குவார்கள் என்ற பேச்சு மட்டும் இருந்தது.

எங்கள் அலுவலகம் இருந்த தளத்தில் தமிழ் ஆள் நான் ஒருத்திதான். அது யாருக்கும் உறுத்தாதபடி பார்த்துக்கொண்டேன். மத்தியானத்துக்கு இரண்டு துண்டு பாண், மேலே பழுப்புநிறச் சீஸ். வீட்டில் மீன்குழம்பு வைக்கிற நாட்களில் வேலைக்குப் போடும் மேலங்கியைக் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன். மீன் தொழிற்சாலையில் எங்கள் ஆட்கள் முப்பது நாற்பது பேர் சேர்ந்து சத்தமாகக் கதைத்துக்கொண்டு வேலை செய்தோம். இங்கே வந்த பிறகு என் குரலே தணிந்துவிட்டது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. சீனாவில் ஒலிம்பிக் நடக்கப்போகிறது, இனி எல்லாம் சீனாதான் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. எங்கள் துறையிலும் தொடக்க நிலைச் சீன மொழி வகுப்பு ஒன்றைப் பரீட்சார்த்தமாக ஆரம்பித்தார்கள். அதற்கு மணித்தியாலக் கணக்கில் ஓர் ஆசிரியை வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கட்டையாக வெட்டிய தலைமுடி, பெரிய கண்ணாடி, எப்போதும் கையில் சுடுதண்ணீர்ப் போத்தல். கணவருக்கு ஒஸ்லோவில் இரண்டு வருட ஆராய்ச்சி வேலை கிடைத்ததால் கூட வந்தவர். தன் நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் பதினெட்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர்.

துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். பிரெஞ்சு இலக்கணம்தான் அவருடைய உலகம்.

"எனக்குச் சீனம் ஒண்டும் விளங்காது. முதல் பருவத்திலை நீரும் வகுப்பிலை போய் இரும். எப்பிடிப் போகுது எண்டு எனக்குச் சொல்லும்" என்றார்.

நோர்வேஜிய மொழியில் எல்லாருக்கும் ஒரே 'நீ'தான். ஆனால் எனக்குள் அவர் எப்போதும் 'நீர்' என்றுதான் கதைத்தார். சீன ஆசிரியையோடு நான் ஆங்கிலமும் நோர்வேஜியனும் கலந்துதான் கதைத்தேன். அந்தப் பேச்சுகளும் இப்போது எனக்கு என் ஊர்த் தமிழிலேயே ஞாபகம் வருகின்றன. அப்படியே எழுதுகிறேன்.

வகுப்பில் பதினான்கு பேர். கடைசி வரிசையில் நான். இரண்டாவது வாரம், குடும்பத்தைப் பற்றிய பாடம். உயரமான ஒரு பையன் கையை உயர்த்தி, "சகோதரனுக்கு என்ன சொல்?" என்று கேட்டான்.

"மூத்தவனோ இளையவனோ?"

"சும்மா சகோதரன்."

"அப்பிடி ஒரு ஆள் சீனத்திலை இல்லை" என்றார் ஆசிரியை. "ஒண்டில் அவன் உங்களுக்கு மூத்தவன், இல்லாட்டி இளையவன்."

"நாங்கள் இரட்டையர்."

"அப்ப ஆர் முதல் வந்தது?"

அவனுக்குத் தெரியவில்லை. தாய் ஒருநாளும் சொன்னதில்லையாம். "வீட்டை போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ. அதுதான் உங்கடை வீட்டுவேலை" என்றார். அடுத்த கிழமை அவன் வாடிய முகத்தோடு வந்தான். மற்றவன்தான் ஏழு நிமிடம் மூத்தவனாம். இருபத்தொரு வருடமாக அம்மா மறைத்து வைத்திருந்ததை அவன் ஒரு சொல்லுக்காகக் கிண்டி எடுத்துவிட்டான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மூத்தவன், இளையவன் என்ற அந்த இரண்டு சொற்களையும் பிறகு யாரும் பிழையாகச் சொல்லவில்லை.

அவருடைய வகுப்புகள் எல்லாம் இப்படித்தான். பாடப்புத்தகத்தில் கலாசாரம் என்பது ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வரும் ஒரு பக்கம்: பெருஞ்சுவரின் படம், விளக்குத் திருவிழாவின் படம். அந்தப் பக்கத்தை அவர் திறந்ததே இல்லை. ஒருநாள் தோடம்பழங்கள் கொண்டுவந்து ஒவ்வொருவரிடமும் நீட்டினார். எல்லாரும் உடனே எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டு, "இரண்டு தரம் வேண்டாம் எண்டு சொல்லோணும். மூண்டாம் தரம் எடுக்கலாம்" என்றார். 'வேண்டாம்', 'பரவாயில்லை', 'நீங்கள் முதலில்' என்று சொல்லிச் சொல்லி அரைமணி நேரம் அந்தப் பழங்கள் வகுப்பைச் சுற்றின. இன்னொரு நாள், வழியில் கண்டவரிடம் 'சாப்பிட்டீர்களா' என்று கேட்பதுதான் வணக்கம் என்று சொல்லிக்கொடுத்தார்.

"இல்லையெண்டு சொன்னால் சாப்பாடு தருவினமோ?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அப்ப அவைக்குப் பெரிய கரைச்சல்" என்றார் ஆசிரியை. "ஆனபடியால் ஆம் எண்டு சொல்லுங்கோ, பசிச்சாலும்."

எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நான் அங்கே பார்க்க வந்தவள்.

மத்தியானத்தில் சில நாட்கள் அவர் என் அறைக்கு வருவார். யன்னலைத் திறந்துவிட்டு, சோற்றுப் பெட்டியைத் திறப்பார். உள்ளியும் எண்ணெயும் கலந்த வாசம் அறையை நிறைக்கும். எனக்கு வயிறு இரையும். கதவுப்பக்கம் பார்த்துக்கொண்டே பாணைக் கடிப்பேன்.

ஏன் இப்படிப் படிப்பிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். தன் பழைய மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொன்னார். வகுப்பில் முதலாவதாக வருபவள். கிறிஸ்மஸ் மரம் எங்கிருந்து வந்தது, ஆங்கிலேயர் எத்தனை மணிக்குத் தேநீர் குடிப்பார்கள் என்று ஆங்கிலத்தில் தடங்கலில்லாமல் சொல்வாள். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் அவளிடம், வசந்த காலத்தில் உங்கள் வீட்டார் முன்னோரின் கல்லறையைத் துப்புரவாக்கப் போவார்களாமே, அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். ஒரு சொல் வரவில்லை. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்தான் அவள் தகப்பனின் கல்லறைக்குப் போய்விட்டு வந்திருந்தாளாம்.

"அவளுக்கு மற்ற ஆக்களின்ரை வீட்டைப் பற்றிச் சொல்ல ஆங்கிலம் குடுத்தனான். அவளின்ரை வீட்டைப் பற்றிச் சொல்ல ஒண்டும் குடுக்கேல்லை" என்றார். அன்றிலிருந்து அவர் ஆங்கில வகுப்பில் சீன வீடுகளைக் கொண்டுவந்தார். கல்லறை, திருமணப் பேச்சு, மாமியார் சண்டை, புதுவருடச் சமையல், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கினார். அங்கேயும் மேலதிகாரிகள் முதலில் முகம் சுளித்தார்களாம். "மொழி எண்டது வெறும் சாமான் பெட்டியில்லை. அதுக்குள்ளை ஆக்கள் இருக்க வேணும்."

சொல்லிவிட்டு என் பாணைப் பார்த்தார். "உங்கடை வீட்டிலை சோறுதானே?"

"ஓம்."

"அப்ப இது?"

"வாசம் வரும்" என்றேன். அவர் தன் பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

அக்கா, தங்கை, பெரியம்மா, சின்னம்மா, மாமி என்று எங்களுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டென்று நான் ஒருமுறை சொன்னதும், அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"வாற புதன்கிழமை நீங்கள் வகுப்புக்கு முன்னாலை வந்து உங்கடை சொல்லுகளைச் சொல்லுங்கோ. சீனம் விசித்திரமான மொழி எண்டு இந்தப் பிள்ளையள் நினைக்குதுகள். இரண்டு பக்கத்தையும் பார்த்தால், தங்கடை மொழிதான் குறையச் சொல்லுது எண்டு விளங்கும். பத்து நிமிசம் போதும்."

சம்மதித்தேன். இரண்டு நாள் சந்தோஷமாகக்கூட இருந்தது. புதன்கிழமை காலையில் சுரங்க ரயிலில் வரும்போதே பயம் பிடித்துவிட்டது. பதினான்கு மாணவர்களுக்கு முன்னால் நின்று தமிழ்ச் சொல்லைச் சொன்னால், பிறகு அந்தத் தளத்தில் நான் யாராக இருப்பேன்? இவ்வளவு காலமும் நான் சாவி தருபவள், அறை ஒதுக்குபவள். வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் முன்பு அவரிடம் போய், அவசரக் கூட்டம் ஒன்று இருக்கிறது, வர முடியாது என்றேன். அப்படி ஒரு கூட்டமும் இருக்கவில்லை. "பிறகு ஒரு நாள்" என்று அவர் சிரித்தார்.

வகுப்பு முடிந்தபின் கதவைப் பூட்டப் போனேன். பலகையில் மூன்று நிரல்கள் வரைந்திருந்தார். நோர்வேஜியன், சீனம், தமிழ். தமிழ் என்ற நிரலில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் அதை அழிக்காமல் விட்டுப் போயிருந்தார், எனக்காகவோ மறந்தோ தெரியாது. நான்தான் அழித்தேன்.

பருவம் முடிவதற்கு முன் அவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பன்னிரண்டு பக்கங்களை என்னிடம் தந்தார். அடுத்த பருவத்துக்கான பாடத் திட்டம். ஒவ்வொரு வாரத்துக்கும் ஓர் இலக்கணம், அதை உபயோகிக்கிற ஒரு வீட்டுக் காட்சி. "தலைவரிட்டைக் குடுங்கோ. நீங்கள் குடுத்தால் வாசிப்பார்" என்றார்.

அதே கிழமை கருத்துப் படிவங்களும் வந்தன. பதினொரு பேர், தாங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்த வகுப்புகளிலேயே இதுதான் நல்லது என்ற மாதிரி எழுதியிருந்தார்கள். இரட்டையரில் இளையவன் பின்பக்கத்திலும் எழுதியிருந்தான். மூன்று பேர் குறை சொல்லியிருந்தார்கள்: சொந்தக்காரர் கதையும் சாப்பாட்டுக் கதையும் கூடிவிட்டது, இலக்கணப் பயிற்சி போதாது, பரீட்சைக்கு இது உதவாது.

அவற்றை வாசித்த அன்று பின்னேரம் துறைத் தலைவர் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் கோப்பிக் கோப்பை.

"நீர் முழுக்க இருந்து பார்த்தனீர். என்ன நினைக்கிறீர்?"

எனக்கு அந்த நிமிடம் தெளிவாக நினைவிருக்கிறது. என் நிரந்தர வேலைக்கான பத்திரம் அப்போது மேலிடத்தில் இருந்தது. அதற்கு முதல் நாள் வீட்டில் கணவரிடம் அந்தப் பாடத் திட்டத்தைப் பற்றிக் கதைத்திருந்தேன். "இஞ்சரும், உமக்கேன் தேவையில்லாத வேலை? உம்மடை வேலை நிரந்தரமாகட்டும். வெளிநாட்டுக்காரி வெளிநாட்டுக்காரிக்குப் பிடிச்சுக் கதைக்கிறாள் எண்டு நினைப்பினம்" என்றார் அவர். பிற்காலத்தில் அந்தப் பழியை அவர் தலையில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒட்டவில்லை. அவர் சொன்னதை நான் ஏற்கெனவே நினைத்துவிட்டுத்தான் அவரிடம் கேட்டிருந்தேன்.

"நல்லாத்தான் இருக்குது" என்றேன் தலைவரிடம். "ஆனால் சில பேர் பரீட்சையை நினைச்சுக் கவலைப்படினம்."

"உந்தக் கலாசார விசயங்கள் மொழி வகுப்புக்குத் தேவை எண்டு நினைக்கிறீரோ?"

"பாடப்புத்தகத்திலை ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம் இருக்குது" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு உட்கார்ந்து என் அரைப்பக்கத்தை எழுதினேன். முதற் பந்தியில் அந்த மூன்று பேரின் குறைகள். இரண்டாம் பந்தியில், 'பெரும்பாலானவர்கள் வகுப்பு இனிமையாக இருந்ததாகக் கூறினர்' என்று ஒரே ஒரு வசனம். எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. பன்னிரண்டு பக்கப் பாடத் திட்டத்தை, பிறகு கொடுக்கலாம் என்று, கோப்பு ஒன்றுக்குள் வைத்தேன்.

முடிவு மின்னஞ்சலில் வந்தது. அடுத்த பருவம் வகுப்பு பாடப்புத்தகத்தை ஒட்டியே நடக்க வேண்டும். கலாசாரத்துக்கென்று பருவத்தில் ஒருநாள் வெளியிலிருந்து ஒருவர் வந்து படங்கள் காட்டிப் பேசுவார்.

ஆசிரியை என் அரைப்பக்கத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய முகத்தில் கோபம் இருக்கவில்லை. ஒரு மாணவியின் கட்டுரையைத் திருத்துபவரைப்போல விரலை வைத்துக் காட்டினார்.

"படிவங்களை எனக்கும் காட்டினவை. பதினொரு பேர் அப்பிடி, மூண்டு பேர் இப்பிடி. ஏன் மூண்டு பேர் முதல் வருகினம்?"

"குறையளைத்தான் முதல் எழுதுறது வழக்கம்."

"ஓ" என்றார். தாளிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "நீங்கள் அங்கை இருந்தனீங்கள். நீங்கள் என்ன நினைச்சனீங்கள்?"

"நான் ஆசிரியை இல்லையே" என்றேன்.

அவர் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பாடத் திட்டத்தைத் தலைவர் வாசித்தாரா என்று கேட்பார் என்று பயந்து நின்றேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பொய் வைத்திருந்தேன்.

அடுத்த பருவம் முழுவதும் அவர் மின்னஞ்சலில் வந்தபடியே செய்தார். ஒருமுறை, அறையின் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். இறுவட்டில் ஒரு குரல் வசனம் சொல்ல, மாணவர்கள் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். இது என் பேனை. அது உன் புத்தகம். ஆசிரியை யன்னலருகே நின்று, சரியான இடத்தில் நிறுத்தி, சரியான இடத்தில் ஓடவிட்டார். பதினான்கு பேரில் ஒன்பது பேர்தான் மிச்சம். அவர் என் அறைக்குச் சாப்பிட வருவதையும் விட்டிருந்தார். கண்டால் வணக்கம் சொல்வார், பிள்ளைகள் சுகமா என்று கேட்பார். அந்த மரியாதைதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் நானும் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

கணவரின் ஆராய்ச்சிக் காலம் முடிய அவர்கள் வெளிக்கிட்டார்கள். கடைசி நாள் அறைச் சாவியைத் திருப்பித் தர வந்தார். பட்டியலில் அவர் கையெழுத்து வைத்தார். நான் பக்கத்தில் சரி அடையாளம் போட்டேன்.

"சுகமாப் போட்டு வாங்கோ" என்றேன்.

"நீங்களும் சுகமா இருங்கோ" என்றார்.

தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். கதைத்து முடித்து நிமிர்ந்தபோது அவர் இல்லை. அது யாருடைய அழைப்பு என்றுகூட இப்போது ஞாபகமில்லை.

என் வேலை நிரந்தரமானது. வீட்டில் பாயசம் வைத்தோம்.

இரண்டு மூன்று வருடங்கள் போயின. மொழி வகுப்பில் கலாசாரத்தை எப்படிக் கொண்டுவருவது என்று எங்கள் துறை ஒருநாள் கருத்தரங்கு வைத்தது. அறை ஒதுக்கியதும் கோப்பிக்குச் சொன்னதும் நான்தான். வெளியிலிருந்து வந்த ஒருவர் திரையில் அம்புக்குறிகள் போட்டு விளக்கினார். கலாசாரத்தைப் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் வைக்கக்கூடாது, மொழிக்குள்ளேயே வைக்க வேண்டும் என்றார். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நான் பின்வரிசையில் இருந்து, தோடம்பழங்கள் வகுப்பைச் சுற்றிய அந்த அரைமணி நேரத்தை நினைத்துக்கொண்டேன்.

அன்றே பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். பன்னிரண்டு பக்கமும் வைத்த இடத்தில் இருந்தன. அதற்குள் சீன வகுப்புக்கு வந்திருந்த இளம் ஆசிரியரிடம் கொடுத்து, யார் எழுதியது என்பதையும் சொன்னேன். அவர் வாசித்துவிட்டு, "இதை ஏன் முந்தியே ஒருத்தரும் தரேல்லை?" என்று கேட்டார். "என்னட்டைத்தான் இருந்தது" என்றேன். அதில் இரண்டு பாடங்களை அவர் நடத்தினார் என்று அறிந்தேன். ஆசிரியையின் பழைய முகவரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். நாலு நாள் எழுதி, வெட்டி, திருப்பி எழுதிய கடிதம். அனுப்பிய நிமிடமே, அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. கணவர் வேலை செய்த இடத்திலும் விசாரித்தேன். அவர்களிடமும் விபரம் இல்லை.

பிறகு துறைத் தலைவர் ஓய்வு பெற்றார். பிரியாவிடைக்கு, பாதாம் பசை போர்த்திய மாசிப்பான் கேக் வெட்டினார்கள். ஆட்கள் கலையத் தொடங்கியபோது நான் அவரிடம் போய், அந்தச் சீன வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றேன். அவருக்கு உடனே ஞாபகம் வரவில்லை. சுடுதண்ணீர்ப் போத்தலோடு திரிந்த ஆசிரியை என்று சொல்ல, "ஓம், ஓம், அமைதியான மனிசி" என்றார். தட்டைக் கையில் பிடித்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேரை முதலில் வைத்ததை, பதினொரு பேரை ஒரு வசனத்துக்குள் அடக்கியதை, பாடத் திட்டத்தைக் கொடுக்காமல் வைத்திருந்ததை, என் வேலைக்குப் பயந்ததை.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். கோபிக்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் என்னைப் பார்த்தார்.

"ஆனால் நான் உம்மட்டைக் கேட்டனான்தானே?" என்றார். "எனக்குத் தெரியாதபடியால்தானே உம்மட்டை வந்து கேட்டனான். நல்லது, தேவை எண்டு நீர் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பன்."

இவ்வளவு வருடமும், நான் சொல்லியிருந்தாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். அது ஒன்றுதான் என்னிடம் ஆறுதலாக மிஞ்சியிருந்தது. யாரோ அவரைக் கைகொடுக்கக் கூப்பிட்டார்கள். என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டு அவர் போனார். நான் மேசைகளில் கிடந்த கோப்பைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.